முப்பத்தேழாயிரம் அடியில் ஐம்பத்து மூன்று நிமிடம்

அத்தியாயம் 6

ரிச்சர்டின் பத்து விரல்களில் ஏழு உடைந்திருந்தன. கையை மேஜைமேல் விரித்துவைத்து, ஒவ்வொரு விரலாக இரும்புக் கம்பியால் அடித்திருந்தான் வந்தவன்.

நேற்றுக் காலை பதினொன்றரை மணிக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரில், பட்டப்பகலில் நடந்தது இது. வீட்டு மாடியில் ரிச்சர்ட் காதில் ஹெட்போனோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். ஹெல்மெட் போட்ட ஒருவன் படியேறி வந்தது அவனுக்குக் கேட்கவே இல்லை. முதல் அடி பின்மண்டையில் விழுந்தது. நினைவிழந்து நாற்காலியோடு சரிந்தவனைத் தூக்கி உட்காரவைத்துத்தான் விரல்களில் அடித்திருக்கிறான், படுபாவி. எட்டாவது விரலுக்குக் கம்பியை ஓங்கும்போது கீழே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. கம்ப்யூட்டரை உதைத்துப் பிளந்து, ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டு, பின்பக்கப் படி வழியாக இறங்கிப் போய்விட்டான்.

கேட்டைத் திறந்து வந்தவன் ரிச்சர்டின் மச்சினன் வில்சன். ரத்தத்தில் கிடந்த மாமனை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினான். சட்டையெல்லாம் ரத்தம். அன்று காலைதான் அக்காவைக் கவனிக்காமல் எந்நேரமும் பொட்டி முன்னாலேயே இருப்பதாகத் தெருவே கேட்க மாமனோடு சண்டை போட்டிருந்தான். போலீசுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? சாயங்காலமே அவனைத் தூக்கிவிட்டார்கள்.

"ஏழு தடவ ஓடித் தோத்து, எட்டாவது தடவ போலீஸ் செலக்‌ஷன்ல பாஸான பயல், மேடம்" என்றாள் ரிச்சர்டின் மனைவி செலினா. அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றிருந்தாள். "திங்கக்கிழமை டிரெய்னிங்ல சேரணும். இன்னைக்கு அஞ்சரைக்கு ஜட்ஜ் முன்னாடி நிறுத்துதாவளாம். ரிமாண்ட் ஆயிட்டா வேலை போச்சு. உள்ள அவிய கண்ணு முழிக்கல. அங்க தம்பி. நான் எந்தப் பக்கம் ஓட?"

வெங்கடேஸ்வரி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்று. எட்டு வருஷம் சப்-இன்ஸ்பெக்டராக இருந்துவிட்டு, மேலதிகாரி ஒருவரிடம் வாயைக் கொடுத்து வேலையை விட்டவள். இப்போது ராஜபாளையத்தில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். ஊரில் எல்லோருக்கும் ஈஸ்வரி மேடம்.

"வில்சன் செய்யல, செலினா" என்றாள். "கோவத்துல அடிக்கிறவன் மண்டையில அடிச்சிட்டு ஓடிருவான். உக்காந்து விரலை எண்ணி அடிச்சவன், அந்தக் கை என்ன செய்யும்னு தெரிஞ்சவன்."

"அந்தக் கை விமானம் செய்யும்" என்றான் உதவியாளன் ஜெர்வின்.

உண்மைதான். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பழகுகிறவர்களுக்கென்று ஒரு மென்பொருள் இருக்கிறது. அதில் சேர்த்துக்கொள்ள ஒரு பெரிய பயணிகள் விமானத்தை ரிச்சர்ட் செய்து கொடுத்திருந்தான். விமானப் படையில் மெக்கானிக்காக இருந்தவன். ஒவ்வொரு சுவிட்சும் அசல்போலவே வேலை செய்யும். உலகம் முழுக்க நானூறு பேர் அதை ஓட்டினார்கள். கோளாறு என்றால் தங்கள் இணையக் குழுவில் எழுதுவார்கள், ரிச்சர்ட் விடிய விடிய உட்கார்ந்து சரிசெய்வான். ஆறு வருஷமாக இதில் அவனுக்குக் கூட்டாளி ராஜபாளையத்துப் பாண்டிதுரை. பேண்டேஜ் துணி நெய்யும் தறி ஷெட் வைத்திருப்பவன். எஞ்சின் பகுதி முழுக்க அவன் எழுதியது.

"அந்தப் பாண்டிதுரையை இன்ஸ்பெக்டர் வீரணன் சார் ஏன் விட்டாரு?" என்று கேட்டாள் ஈஸ்வரி.

"அவரு அந்நேரம் டெல்லிக்குப் போய்க்கிட்டிருந்தாரு மேடம்."

"டெல்லிக்கா?"

"நாற்காலியில உக்காந்துகிட்டேதான். மதுரை டூ டெல்லி. காலையில ஒம்பதுக்குக் கிளம்பி, பன்னெண்டே முக்காலுக்கு இறங்கியிருக்காரு. விமானம் எங்க பறக்குதுன்னு குழுவோட இணையதளம் நொடிக்கு நொடி பதிவு பண்ணும். பதிவு சுத்தமா இருக்கு." ஜெர்வின் செல்போனை நீட்டினான். "ஒரு சின்ன மச்சம் மட்டும். பதினொன்னு இருவத்தாறுலேர்ந்து பன்னெண்டு பத்தொம்பது வரைக்கும் விமானம் முப்பத்தேழாயிரம் அடியில அப்படியே நிக்குது. அம்பத்து மூணு நிமிஷம்! நம்மூரு பஸ்ஸு நடுரோட்டுல நின்னாலாவது இறங்கித் தள்ளலாம்."

"அதுக்கு அவரு என்ன சொல்லுதாரு?"

"புது வெர்ஷன்ல கோளாறுன்னு குழுவுல எழுதியிருக்காரு. 'கீழே இறங்கத் தொடங்கும் இடத்தில் உறைந்துவிட்டது. ஐம்பத்து மூன்று நிமிடமும் உட்கார்ந்து மவுஸ், கீபோர்டு எல்லாம் தட்டிப் பார்த்தேன். பிறகு தானாகக் கிளம்பியது.' போலீஸ்லயும் இதையே எழுதிக் கொடுத்திருக்காரு. இன்னும் ரெண்டு பேருக்கு இதே கோளாறு வந்திருக்கு. அதனால வீரணன் சார் நம்பிட்டாரு."

"அந்த ரெண்டு பேரு யாரு?"

"வத்திராயிருப்பு காளிராஜ். பொறவு கிருஷ்ணன்கோவில்ல படிக்கிற பொண்ணு, அக்சா."

"வண்டியை எடு. கோளாறைச் சரிசெய்யப் போறோம்."

"எனக்கு மிக்சியே சரிசெய்யத் தெரியாது மேடம்."

காளிராஜை வழியிலேயே போனில் பிடித்தார்கள். தோப்பில் தேங்காய் இறக்கிக்கொண்டிருந்தான். "ஆமாண்ணே, முந்தாநாள் எனக்கும் நின்னுச்சு. லாரி வந்துச்சுன்னு தோப்புக்குப் போயிட்டு அரை மணி கழிச்சு வந்து பாக்கேன், அப்படியே நிக்கி. என்னடான்னு மவுஸைத் தொட்டேன், கிளம்பிருச்சு."

கிருஷ்ணன்கோவில் பஸ் நிறுத்தத்தில் அக்சா லேப்டாப்போடு காத்திருந்தாள். மூன்றாம் வருஷம் படிக்கிற, சட்டுச்சட்டென்று பேசுகிற பெண்.

"மெஸ்ல சாப்பாட்டுக்கு வரிசையில நின்னேன் மேடம். விமானத்தை ஆட்டோபைலட்ல விட்டுட்டுப் போவோம், எல்லாருமே அப்படித்தான். மூணு மணி நேரம் யாரு உக்காந்து மேகத்தைப் பாத்துக்கிட்டிருப்பா? திரும்பி வந்தா நிக்குது. மவுஸ்ல கை பட்டதும் ஓடிருச்சு."

"நீ பக்கத்துல உக்காந்திருக்கும்போது எப்பவாவது நின்னிருக்கா?"

அக்சா யோசித்தாள். "புது வெர்ஷன் வந்த பொறவு நாலு தடவ ஓட்டிட்டேன். உக்காந்திருந்த மூணு தடவையும் நிக்கல."

ஈஸ்வரியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஜெர்வினுக்கு அந்த முகம் தெரியும். யாரோ ஒருவனுக்குக் கெட்ட நேரம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

"இறங்கத் தொடங்குறதுக்குப் பன்னெண்டு நிமிஷம் முன்னாடி விமானத்தைக் கொண்டு நிறுத்து அக்சா. மொதல்ல நீ சும்மா மவுஸைத் தொட்டுக்கிட்டே இரு."

பன்னிரண்டு நிமிடம் கழித்து விமானம் தன்பாட்டுக்கு மூக்கைத் தாழ்த்தி இறங்கியது.

"இப்ப அதே இடத்துலேர்ந்து மறுபடி. யாரும் தொடக்கூடாது. ஜெர்வின், கையைக் கட்டு."

"பால்கோவா திங்கலாமா?"

"லேப்டாப்பைத் தவிர எதை வேணாலும் தின்னு."

இந்தத் தடவை, இறங்கவேண்டிய இடம் வந்ததும் விமானம் நின்றது. மேகம் நின்றது. எஞ்சின் சத்தமும் நின்றது. ஈஸ்வரி சுண்டுவிரலால் மவுஸை மெல்ல இடித்தாள். விமானம் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது.

அக்சா வாயைப் பிளந்தாள். "இது கோளாறே கிடையாது மேடம்! ரிச்சர்ட் அண்ணன் வேணும்னே வச்சிருக்காரு. பத்துப் பன்னெண்டு நிமிஷம் யாருமே எதையும் தொடலைன்னா, ஆள் இல்லைன்னு அர்த்தம். அதனால இறங்காம நின்னு காத்திருக்கு. தொட்டதும் கிளம்பிருது. யாருக்கும் சொல்லவே இல்லையே."

"அப்ப பாண்டிதுரை அம்பத்து மூணு நிமிஷம் மவுஸைத் தட்டினேன்னு எழுதினது?" என்றான் ஜெர்வின்.

"மத்தவங்க ரெண்டு பேரும் எழுந்து போனதை ஒத்துக்கிட்டாங்க. உக்காந்திருந்தேன்னு சொன்ன ஒரே ஆளு அவருதான்" என்றாள் ஈஸ்வரி. "ராஜபாளையத்துலேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பைக்குல இருவது நிமிஷம். வா, போறோம். அக்சா, நீயும் லேப்டாப்போட ஏறு."

இன்ஸ்பெக்டர் வீரணனுக்கு இது பிடிக்கவில்லை. பிடித்த ஆளை விட்டுவிட்டு வேறு ஆளைத் தேடுவது எந்த இன்ஸ்பெக்டருக்குத்தான் பிடிக்கும்? இருந்தாலும் பழைய பழக்கத்துக்காக ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்தார். தறி ஷெட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் இரண்டு கான்ஸ்டபிள்களோடு உட்கார்ந்துகொண்டார்.

"நாலரை வரைக்கும்தான் ஈஸ்வரி. பொறவு நான் வில்சனைக் கூட்டிக்கிட்டு ஜட்ஜ் வீட்டுக்குப் போயிருவேன்."

"நாலரை போதும் சார்."

அக்சா ஜீப்பிலேயே இருந்தாள். அப்போது மணி மூன்று இருபது.

ஷெட்டில் எட்டுத் தறிகள் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தன. தறி பார்க்கும் பிச்சையம்மாளுக்கு இரண்டு நாளாக லீவு கொடுத்திருந்தான் பாண்டிதுரை. ஓரத்தில் கண்ணாடி அறை. உள்ளே மூன்று திரைகள், விமானி நாற்காலி. பாண்டிதுரை நல்ல உயரம், தோள் அகலம். கண்கள் கலங்கியிருந்தன.

"ரிச்சர்டு எப்படி இருக்கான் மேடம்? நான் இன்னும் போய்ப் பாக்கல. பாக்குற தெம்பு இல்ல."

"அப்படியேதான் இருக்காரு. உங்ககிட்ட ஒரு உதவி. அந்தக் கோளாறு எங்களுக்குப் புரியமாட்டேங்குது. இறங்குற இடத்துக்குப் பன்னெண்டு நிமிஷம் முன்னாடி கொண்டுபோய்க் காட்டுங்களேன்."

கேட்டால் மறுக்க முடியாத உதவி. பாண்டிதுரை விமானத்தை அங்கே கொண்டுவந்து நிறுத்திப் பறக்கவிட்டான். ஈஸ்வரி தன் செல்போனை அலமாரியில் சாய்த்து வைத்தாள். அது படம் பிடித்துக்கொண்டிருந்தது. ஜெர்வின் பாத்ரூம் எங்கே என்று கேட்டுக்கொண்டு வெளியே போனான்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எட்டுத் தறிச் சத்தத்தில் ஒன்று குறைந்தது. ஈஸ்வரியின் காதுக்கு வித்தியாசமே தெரியவில்லை. பாண்டிதுரை மட்டும் பேச்சை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஓடினான். யாரோ கைப்பிடியைத் தள்ளி நிறுத்திவைத்த ஐந்தாம் தறியை நூல் பார்த்து ஓட்டிவிட்டுத் திரும்பும்போது இரண்டாம் தறி நின்றது. அதை ஓட்டினால் எட்டாம் தறி. பிறகு மறுபடியும் ஐந்தாம் தறி. பதினான்கு நிமிடம் அவன் ஷெட்டுக்குள் ஓடிக்கொண்டே இருந்தான்.

வேர்த்துப் போய் அறைக்குள் வந்தான். திரையில் விமானம் உறைந்து நின்றிருந்தது.

"பாத்தீங்களா மேடம்? இதேதான்!" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் விழுந்து, கை போன போக்கில் மவுஸைப் பிடித்தான். விமானம் கிளம்பி இறங்கத் தொடங்கியது.

"பாத்தேன்" என்றாள் ஈஸ்வரி. "நேத்து அம்பத்து மூணு நிமிஷம் தட்டியும் அசையாதது, இன்னைக்குக் கை பட்டதும் கிளம்பிருச்சே. எப்படி?"

பாண்டிதுரை திரையைப் பார்த்தான். மவுஸைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அது ஆள் இல்லைன்னாதான் நிக்கும் பாண்டிதுரை. நேத்து நீங்க இங்க இல்ல."

அவன் மவுஸிலிருந்து கையை எடுத்தான். "இங்கதான் இருந்தேன். அறையில இல்ல, தறியில நின்னேன். பயத்துல மாத்திச் சொல்லிட்டேன்."

"தறியில நின்னீங்களா அண்ணே?" ஜெர்வின் வாசலில் ஒரு பேண்டேஜ் துணிச் சுருளோடு நின்றான். அதில் நேற்றைய தேதிச் சீட்டு இருந்தது. துணியைத் தரையில் உருட்டிவிட்டான். வெள்ளைத் துணியின் நடுவே ஒரு நூல் அறுந்த இடைவெளி, கோடு கிழித்ததுபோல் பத்து மீட்டருக்கு ஓடியது. "ஒரு தறி நின்னா ஒம்பது அடி தாண்டி ஓடுற ஆளு நீங்க. இப்பத்தான் உங்களை நாலு தடவ ஓடவிட்டேன். அப்பேர்ப்பட்டவரு பக்கத்துல நின்னுகிட்டே, அறுந்த நூலை முடிச்சுப் போடாம பத்து மீட்டர் ஓட விட்டீங்களா? இதே மாதிரி இன்னும் ரெண்டு சுருள் கிடக்கு. அந்த மூணாவது சுருளுக்குள்ள என்னமோ கட்டியா..."

அவன் முடிக்கவில்லை. பாண்டிதுரை நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு இரும்புக் கம்பியை உருவி வீசிய வேகத்தில், அது ஜெர்வினின் தோளில் இறங்கியது. எலும்பு முறியும் சத்தம் தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. விழுந்தவனைச் சட்டையோடு பற்றி ஷெட்டுக்குள் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனான். ஓடும் தறியில் மரச்சட்டம் முன்னும் பின்னும் அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு நேராக ஜெர்வினின் தலையை அழுத்தினான். முதல் அடியில் நெற்றி கிழிந்தது. வெள்ளைத் துணிமேல் ரத்தம் தெறித்தது.

ஈஸ்வரி கத்தினாள். எட்டுத் தறிகள் ஓடும் ஷெட்டில் யார் கத்தினால் யாருக்குக் கேட்கும்?

தரையில் கிடந்த துணியை எடுத்துப் பின்னாலிருந்து அவன் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்தாள். அவன் முழங்கையால் பின்பக்கம் இடித்தான். அவள் உதடு பிளந்தது, ஒரு பல் ஆடியது. பிடியை விடவில்லை. மூச்சு முட்டித் திரும்பியவன் அவளைத் தூணோடு மோதினான். கண் இருண்டது அவளுக்கு. அவன் கம்பியை ஓங்கும்போது, தரையில் கிடந்த ஜெர்வின் அவன் கணுக்காலைப் பற்களால் கவ்வினான். கம்பி நழுவியது. அடுத்த நொடி அது ஈஸ்வரியின் கையில் இருந்தது.

அவள் யோசிக்கவில்லை. அவன் வலது மணிக்கட்டில் ஒரே அடி. மணிக்கட்டு தொங்கிப்போய் அவன் மண்டியிட்டான். இன்னொரு அடிக்கும் அவள் கை ஓங்கியது, செலினாவின் முகம் ஞாபகம் வந்ததும் நிறுத்தினாள். போய் மெயின் சுவிட்சை இறக்கினாள்.

தறிகள் எல்லாம் ஒருசேர நின்றதும்தான் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த வீரணன் ஓடிவந்தார்.

"எனக்கு இப்ப ஒரே ஒரு வசதி மேடம்" என்று முனகினான் ஜெர்வின். "பேண்டேஜுக்கு அலைய வேண்டாம்."

மூன்றாவது சுருளின் நடுவில் ஹார்ட் டிஸ்க் இருந்தது. அதன் மூலையில் காய்ந்த ரத்தம்.

பாண்டிதுரை தரையில் உட்கார்ந்தபடியே கத்தினான். "ஆறு வருஷம்யா! ஒவ்வொரு எஞ்சின் சத்தத்தையும் என் காதால கேட்டுக் கேட்டுச் செஞ்சேன். புது வெர்ஷன்ல என் பகுதியைத் தூக்கிட்டு அவனே எழுதிக்கிட்டான். கோளாறா இருந்துச்சாம்! என் பேரையும் எடுத்துட்டான். ஒரு வார்த்தை கேக்கல. எழுதின கையை உடைச்சேன். ஆமா, நான்தான் உடைச்சேன்!"

மணி நாலு பத்து. வீரணன் போனை எடுத்து, வில்சனுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுக்கச் சொன்னார். மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

ஸ்டேஷனில் அக்சா ஹார்ட் டிஸ்க்கைத் தன் லேப்டாப்போடு இணைத்தாள். புது வெர்ஷனில் என்னென்ன மாற்றம் என்று ரிச்சர்ட் தனக்காக எழுதிவைத்த பட்டியல் அதில் இருந்தது. கீழே வரை படித்துக்கொண்டு போனவள் சட்டென்று நிறுத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையை ஈஸ்வரி பக்கம் திருப்பினாள்.

ஈஸ்வரி அதைப் படித்தாள். பிறகு, கையில் பேண்டேஜோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த பாண்டிதுரையிடம் போய், சத்தமாகவே படித்தாள்.

"'பதினாலாவது மாற்றம். பாண்டிக்காக. தறி நின்றால் விமானத்தை விட்டுவிட்டு ஓடிவிடுகிறான். போன மாதம் மூன்று தடவை அவன் வருவதற்குள் விமானம் விழுந்துவிட்டது. முகம் வாடிப் போகிறது. அதனால், ஆள் இல்லையென்றால் இறங்காமல் அவன் வரும்வரை காத்திருக்கும்படி செய்திருக்கிறேன். அவனிடம் சொல்லக்கூடாது. சொன்னால் தனக்கு வேண்டாம் என்பான். எஞ்சின் பகுதியைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பேசவேண்டும். பெயரை எங்கே போடுவது என்று அவனே சொல்லட்டும்.'"

பாண்டிதுரை தலையை நிமிர்த்தினான். "இன்னொரு தடவ படிங்க" என்றான். ஈஸ்வரி படிக்கவில்லை. அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது, அந்த இரக்கத்தின்மேல் கோபமும் வந்தது.

ஐந்தே காலுக்கு வில்சன் வெளியே வந்தான். ஒரு காது வீங்கியிருந்தது. "திங்கக்கிழமை போகலாமா மேடம்?" என்றுதான் முதலில் கேட்டான். போகலாம் என்றாள்.

ஆஸ்பத்திரியில் செலினா தம்பியைக் கட்டிக்கொண்டு அழுது முடித்தபின், ஈஸ்வரி அவளைத் தனியாக அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள். யார் அடித்தது, ஏன் அடித்தது, பதினான்காவது மாற்றம். செலினா சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ரிச்சர்டின் இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை வெள்ளைத் துணியில் சுற்றிக் கிடந்தன. டாக்டர் சற்றுமுன்தான் வந்து, நினைவு திரும்புகிறது, ராத்திரிக்குள் கண் விழித்துவிடுவார் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"அவிய பின்னால திரும்பிக்கூடப் பாக்கலையே மேடம். யாரு அடிச்சான்னு தெரியாது" என்றாள் செலினா. "கண்ணு முழிச்சதும் மொதல்ல, பாண்டி வந்தானான்னுதான் கேப்பாவ. நான் என்ன சொல்ல?"